வெட்டவெளியில் ஒரு விலங்கினப் பூங்கா

நகரத்து மக்கள் காட்டு விலங்குகளைக் கண்டு களிப்பதற்கென அமைக்கப்பெற்றவை விலங்கினக் காட்சிசாலைகள். முற்காலத்தில் அவை பெரும்பாலும் கூண்டுகளின் வரிசைகளாகவே விளங்கின. இலண்டன் விலங்கியல் கழகம் 1826-இல் தோன்றியது. அக்கழகம் 1828-இல் ரீஜன்ட் பூங்காவில் ஒரு காட்சிசாலையைத் திறந்தது. அதன் பரப்பு ஏறத்தாழ 36 ஏக்கர். அச்சிறு நிலத்திற்குள் பல நாட்டு விலங்குகள் நெருக்கமாக வாழ நேர்ந்தது. வெப்ப நாட்டு விலங்குகள் குளிரைத் தாங்கா என்று அஞ்சி, அவற்றைச் சூடேற்றிய அறைகளில் அடைத்து வைத்தனர். அறையில் வெப்பம் இருந்தது. தூய காற்றும் உலவுவதற்கு இடமும் இல்லை.

1903-இல் அக்கழகத்தின் செயலாளர் பொறுப்பை ஏற்றவர் பீட்டர் சால்மர்ஸ் மிட்செல் என்னும் விலங்கியல் அறிஞர். விலங்கின் உடல்நலத்திற்கு அடைபட்ட வெப்பத்தைவிடத் திறந்த காற்றே சிறந்தது என்பது அவர் கொள்கை. அமெரிக்காவின் நியூயார்க்கு நகரில் உள்ள பிராங்க்ஸ் விலங்கினப் பூங்காவைக் கண்டபின், அத்தகைய பரந்த பூங்கா ஒன்று இங்கிலாந்திலும் வேண்டும் என்னும் எண்ணம் அவர் உள்ளத்தில் வேரூன்றியது. அவரது முயற்சியால், இலண்டனுக்கு வடக்கே முப்பது மைலுக்குச் சற்று அப்பால், பெட்போர்டுஷயரில் உள்ள விப்ஸ்னேடு என்னும் சிற்றூரில், பாழடைந்து கிடந்த பண்ணை ஒன்றைக் கழகம் 1926-இல் விலைக்கு வாங்கியது. அதன் பரப்பு ஏறத்தாழ 600 ஏக்கர்.

விப்ஸ்னேடு சில்டர்ன் குன்றுகளின்மேல் அமைந்துள்ளது. இக்குன்றுகள் வெண்மையான சுண்ணக்கல்லால் ஆனவை. பலகோடி ஆண்டுகளுக்கு முன் இப்பகுதி கடலாக இருந்தது. அக்கடலில் வாழ்ந்து மடிந்த நுண்ணுயிர்களின் ஓடுகள் அடியில் படிந்து இறுகிப் பாறையாயின. பின்னர் நிலம் உயர்ந்து குன்றுகளாயிற்று. சரிவுகளில் மண் மெல்லிய படலமாகவே உள்ளது. அதன்மேல் குறும்புல் கம்பளம் விரித்தாற்போல் படர்ந்திருக்கிறது. புல்லை அகற்றினால் வெண்பாறை வெளிப்படும். 1933-இல் ஒரு சரிவில் இவ்வாறு புல்லைச் செதுக்கி, ஏறத்தாழ 480 அடி நீளமுள்ள வெள்ளைச் சிங்க உருவம் ஒன்றை அமைத்தனர். தொலைவில் செல்வோருக்கும் பூங்காவின் இருப்பிடத்தை அது அறிவிக்கின்றது.

பூங்காவை அமைக்கும் பணி சில ஆண்டுகள் நடைபெற்றது. சாலைகள் போடப்பட்டன, மரங்கள் நடப்பட்டன, வேலிகள் எழுந்தன. மான்களும் காட்டெருமைகளும் மந்தையாக மேய்வதற்கு அகன்ற புல்வெளிகள் ஒதுக்கப்பட்டன. வாலபி என்னும் சிறு கங்காருகள் கட்டின்றி எங்கும் திரிய விடப்பட்டன. 1931-ஆம் ஆண்டு மே மாதம் 23-ஆம் நாள் பூங்கா திறக்கப்பெற்றது. அடுத்து வந்த திங்கட்கிழமையன்று மட்டும் 38,000-க்கு மேற்பட்ட மக்கள் திரண்டு வந்தனர்.

எட்டாண்டுகளில் இரண்டாம் உலகப்போர் மூண்டது. இலண்டன் காட்சிசாலையில் இருந்த யானைகள், பாண்டாக் கரடிகள் முதலியவற்றிற்கு விப்ஸ்னேடு புகலிடமாயிற்று. எதிரி விமானங்களுக்கு வழிகாட்டிவிடாதபடி வெள்ளைச் சிங்கத்தை மூடி மறைத்தனர். 1940-இல் பூங்காவினுள் 41 குண்டுகள் விழுந்தன. எனினும் இடம் பரந்து கிடந்தமையால் இழப்பு மிகச் சிறிதே.

பரந்த இடத்தின் பயன் இதனோடு நின்றுவிடவில்லை. காண்டாமிருகங்களின் வரலாறு அதற்கு ஒரு சான்று. வெள்ளைக் காண்டாமிருகங்களை ஆணும் பெண்ணுமாக இரண்டிரண்டாக அடைத்து வைத்த இடங்களில் அவை கன்று ஈனுவது அரிதாக இருந்தது. அவை கூட்டமாக வாழும் இயல்பினவாதலே அதற்குக் காரணம். 1970-இல் தென்னாப்பிரிக்காவின் நேட்டால் பகுதியிலிருந்து 20 காண்டாமிருகங்கள் விப்ஸ்னேடுக்குக் கொண்டுவரப்பட்டன. அகன்ற புல்வெளியில் ஒரே கூட்டமாக விடப்பட்ட அவை, ஆண்டுகள் செல்லச் செல்லப் பல கன்றுகளை ஈன்று பெருகின.

மற்றொரு சான்று, டேவிட் பாதிரியார் மான் என வழங்கும் சீன நாட்டு மான். 1865-இல் இதனை ஐரோப்பியருக்கு அறிமுகப்படுத்தியவர் அர்மண்ட் டேவிட் என்னும் பிரெஞ்சுப் பாதிரியார் ஆவார். அப்பொழுதே அது காடுகளில் அற்றுப்போய், பீக்கிங் நகருக்கு அருகில் மன்னரின் வேட்டைத் தோட்டத்தில் மட்டும் எஞ்சியிருந்தது. 1895-இல் பெருவெள்ளம் அத்தோட்டத்தின் மதிலை உடைத்தது. தப்பி ஓடிய மான்கள் பசித்த மக்களுக்கு இரையாயின. எஞ்சியவை 1900-இல் நடந்த கலகத்தில் அழிந்தன. ஆயினும், அதற்கு முன்பே சில மான்கள் ஐரோப்பா சென்றிருந்தன. பெட்போர்டு கோமகன் அவற்றுள் 18 மான்களைத் திரட்டித் தம் ஊபர்ன் தோட்டத்தில் வளர்த்தார். அவை பெருகி மந்தையாயின.

ஓரினம் முழுவதும் ஒரே தோட்டத்தில் இருந்தால், ஒரு கொள்ளைநோய் வந்தாலும் அவ்வினம் அடியோடு அழிந்துவிடும் அன்றோ? ஆதலின் அம்மான்களுட் சிலவற்றை 1940-களில் விப்ஸ்னேடுக்கு அனுப்பி, இரண்டாவதாக ஒரு மந்தையை ஏற்படுத்தினர். 1985-இல் ஊபர்னிலிருந்து மான்கள் சீனாவுக்குத் திரும்பின. அடுத்த ஆண்டில், விப்ஸ்னேடு உள்ளிட்ட பிரித்தானியப் பூங்காக்களிலிருந்து 39 மான்கள் சீனாவின் டாபெங் காப்பகத்திற்கு அனுப்பப்பட்டன. இன்று அந்நாட்டில் அவை ஆயிரக்கணக்கில் வாழ்கின்றன.

எவ்வளவு பரந்ததாயினும் பூங்கா காடாகிவிடாது. அதன் எல்லையில் வேலி உண்டு. விலங்கைக் காட்சிப்பொருளாக மட்டும் கருதினால் அவ்வேலியும் சிறையே ஆகும். ஒரு காலத்தில் வேற்றுநாட்டு வேலிக்குள் பாதுகாக்கப்பட்ட மான் இனம், நெடுங்காலம் கழித்துத் தன் தாயகத்துச் சதுப்பு நிலத்தை மீண்டும் மிதித்தது. பூட்டி வைப்பது வேறு, காத்து வைப்பது வேறு என்பதனை விப்ஸ்னேடு பூங்காவின் வரலாறு தெளிவாக உணர்த்துகின்றது.