இரு ஐயச் சொற்கள்

ஆங்கிலத்தில் ஒன்றுபோற் பொருள்தரும் சொற்கள் மிகப் பல. அவற்றுட் பெரும்பாலனவற்றை மாற்றி வழங்கினும் கேட்போர் புன்முறுவலோடு பொறுத்துக்கொள்வர். ‘டவுட்’, ‘சஸ்பெக்ட்’ என்னும் இரண்டோ அத்தகையன அல்ல. இவற்றை மாற்றி வழங்குவோன் தான் கருதியதற்கு நேர்மாறானதைக் கூறியவனாவான். நம் மாணாக்கர் இவ்விடத்து இடர்ப்படுதற்குக் காரணம் அவர்தம் சோம்பலன்று. இவ்விரு பொருளையும் நாம் ‘சந்தேகம்’ என்னும் ஒரு சொல்லாலேயே வழங்கி வருதலாம்.

ஒரு விடுதியில் ஒருவனது கைக்கடிகாரம் காணாமற் போயிற்று என்க. விடுதித் தலைவர் ஒரு மாணவனை அழைத்து, “பக்கத்து அறையான் எடுத்திருப்பானோ?” என வினவுகின்றார். அவன், ‘எடுத்திருப்பான் என்றே சந்தேகப்படுகிறேன்’ எனத் தமிழில் எண்ணி, “ஐ டவுட் தட் ஹி டுக் இட்” என விடையிறுக்கின்றான். தலைவரோ அதனை, ‘அவன் எடுத்திருப்பான் என யான் நம்பவில்லை’ என்றே கொள்வர். குற்றஞ் சாட்டப் புகுந்தவன் நற்சான்று வழங்கிவிட்டான்! இது நகைப்பிற்கிடமாகலாம். ஆயின், நண்பனைக் காக்க எண்ணிய மற்றொருவன் ‘டவுட்’ என்னவேண்டிய இடத்துச் ‘சஸ்பெக்ட்’ என்பானாயின், குற்றமற்றவன் தலைமேற் பழி விழும். அங்கே நகைப்பிற்கு இடமில்லை.

இரண்டிடத்தும் உறுதியான சான்று இல்லை என்பது உண்மையே. எனினும், ‘டவுட்’ என்புழி மனம் சொல்லப்பட்டதை ஏற்காது பின்வாங்குகின்றது. ‘சஸ்பெக்ட்’ என்புழி அதன்பாற் சாய்கின்றது. சொற்பிறப்பும் இதனைக் காட்டும். முன்னது, இரண்டு என்னும் எண்ணைக் குறிக்கும் லத்தீன் சொல்லோடு உறவுடையது. இருவழிக் கிடந்து தடுமாறும் மனநிலையைக் குறிப்பது. பின்னதும் லத்தீனிலிருந்து வந்ததே. கீழிருந்து நோக்குதல் என்பது அதன் அடிப்பொருள். தலை குனிந்தபடியே விழியை மட்டும் உயர்த்தி ஒருவனை நோட்டமிடுபவனை நினைந்துகொள்க.

நீதிமன்றச் செய்திகளை நோக்குவார்க்கு இவ்வேறுபாடு இன்னும் தெளிவாகும். ‘சந்தேகத்தின் பேரில் கைது செய்யப்பட்டார்’ என ஒருநாட் படிக்கின்றோம். ‘சந்தேகத்தின் பலனை அளித்து விடுதலை செய்யப்பட்டார்’ எனப் பின்னொருநாட் படிக்கின்றோம். முன்னைய சந்தேகம் ‘சஸ்பிஷன்’, பின்னையது ‘டவுட்’. ஒருவனைச் சிறைக்குள் இட்டதும் ‘சந்தேகம்’, அவனை வெளிக்கொணர்ந்ததும் ‘சந்தேகம்’ என்றால், அயலான் ஒருவன் நம் மொழியை என்னென்று நினைப்பான்! மனைவியைச் சுட்டுக் கொன்றதாகத் தூக்குத் தண்டனை விதிக்கப்பெற்ற உல்மிங்டன் என்னும் இளைஞனது வழக்கு 1935-இல் இங்கிலாந்தின் பிரபுக்கள் சபைமுன் வந்தது. துப்பாக்கி தற்செயலாக வெடித்தது என்பது அவன் கூற்று. அதனை மெய்ப்பிக்கும் பொறுப்பு அவனதன்று. குற்றத்தை மெய்ப்பித்தல் வழக்குத் தொடுத்தோர் கடன். சான்றுகளால் நியாயமான ‘டவுட்’ எழுமாயின் அவன் விடுதலைக்கு உரியன் என்று சாங்கி பிரபு தீர்ப்புரைத்தார். அவ்விளைஞன் உயிர் பிழைத்தது இச்சொல்லினாலன்றோ?

வகுப்பறையிலும் ஒரு வழு நிகழ்கின்றது. பாடம் விளங்காத மாணவன் எழுந்து, “ஐ ஹாவ் எ டவுட்” என்கின்றான். இங்கிலாந்திலிருந்து வந்த ஆசிரியராயின், தாம் கூறியதன் உண்மையையே இவன் ஐயுறுகின்றான் எனக் கருதுதல் கூடும். நன்னூலார் வினாவை ஆறாக வகுத்து, அறியா வினா, ஐய வினா என்பவற்றை வெவ்வேறாக வைத்தனர். தொலைவில் தோன்றுவது கட்டையோ ஆளோ எனக் கேட்பது ஐய வினா. பாடத்தின் பொருள் யாது எனக் கேட்பது அறியா வினாவேயாம். ஆங்கிலத்தில் அதற்குக் ‘க்வெஸ்சன்’ என்னும் சொல் போதும். நம் இலக்கணத்தை நினைந்திருந்தாலே ஆங்கிலத்தில் இவ்வழு நேராது.

நிற்க. இவ்வெல்லை ஆங்கிலேயரிடத்தும் என்றும் இவ்வாறே இருந்ததன்று. ஷேக்ஸ்பியர் காலத்தே ‘டவுட்’ என்பது அஞ்சுதல், இருக்குமெனக் கருதுதல் என்னும் பொருள்களிலும் வழங்கியது. ஸ்காட்லாந்தில் அவ்வழக்கு இன்றும் உண்டு. 1837-இல் சென்னையிற் பள்ளி தொடங்கிய ஜான் ஆண்டர்சன் முதலாக, அந்நாட்டு ஆசிரியர் பலர் இங்கே கற்பித்தனர். ஆங்கிலேயர் ஒருவர் மழையைப்பற்றி ‘ஐ டவுட்’ என்றால் மழை பெய்யாது என்பது அவர் கருத்து. ஸ்காட்லாந்தினர் அங்ஙனம் கூறினாரோ, குடையை எடுத்துக்கொண்டே புறப்படல் வேண்டும்.