மீட்டரை வண்டியிடமே விசாரியுங்கள்

முதன்முதலாகப் பழைய கார் வாங்கப் போகும் தம்பி, தங்கைகளுக்கு, ஸ்பேனர் பிடித்தே முடி நரைத்த ஒருவன் சொல்வது இது. "பத்து வருஷ வண்டி சார், ஓட்டம் வெறும் 42,000தான்" என்று விற்பவர் மீட்டரைக் காட்டுவார். ஒரு லேப்டாப்பும் ஒயரும் இருந்தால் அந்த எண்ணைக் குறைத்துவிடலாம். எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். நம்புவதா வேண்டாமா என்பதைக் கடைசியில் முடிவு செய்யலாம்.

1. முதலில் கணக்குப் போடுங்கள். வீட்டு உபயோகக் கார் வருஷத்துக்குச் சுமார் 10,000 கிலோமீட்டர் ஓடும். அதைவிட மிகக் குறைவாக இருந்தால் காரணம் கேளுங்கள். டீசல் வண்டி என்றால் இன்னும் அழுத்திக் கேளுங்கள். எப்போதாவது வண்டி எடுக்கிறவர் கூடுதல் விலை கொடுத்து டீசல் வாங்குவது அபூர்வம்.

2. டயரின் வயதைப் பாருங்கள். பக்கவாட்டில் டிஓடி என்று தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு இலக்கங்கள்தான் தேதி. 2318 என்றால் 2018ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். வண்டியோடு வரும் டயர் சாதாரணமாக 40,000 கிலோமீட்டராவது தாங்கும். 2015 வண்டியில் நாலும் 2018 டயர், மீட்டரில் 42,000 என்றால் கணக்கு உதைக்கிறது. மூன்றே வருஷத்தில் முதல் செட் தேய்ந்திருந்தால், மீதி வருஷங்களில் வண்டி என்ன சும்மாவா நின்றது? ஸ்டெப்னியையும் மறக்காமல் பாருங்கள்.

3. கையும் காலும் படும் இடங்களைத் தடவிப் பாருங்கள். கிளட்ச், பிரேக் பெடல் ரப்பர், கியர் நாப், டிரைவர் சீட்டின் கதவோர விளிம்பு எல்லாம் ஓட்டத்துக்கு ஏற்பத் தேயும். ஸ்டீயரிங் கவரையும் சீட் கவரையும் கழற்றச் சொல்லுங்கள். பழைய வண்டியில் பெடல் ரப்பர் மட்டும் புத்தம் புதிதாக இருந்தால் அதற்கும் விளக்கம் கேளுங்கள்.

4. பானெட்டுக்குள் ஸ்டிக்கர் தேடுங்கள். ஆயில் மாற்றும்போதும் டைமிங் பெல்ட் மாற்றும்போதும் மெக்கானிக்குகள் கிலோமீட்டரை எழுதி ஒட்டுவது வழக்கம். மீட்டரைத் திருப்புகிறவர்கள் இதைக் கிழிக்க மறந்துவிடுவார்கள்.

5. சர்வீஸ் ரெக்கார்டு இல்லாமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். ஒவ்வொரு ஜாப் கார்டிலும் தேதியும் கிலோமீட்டரும் இருக்கும். உரிமையாளரை உடன் அழைத்துக்கொண்டு கம்பெனி சர்வீஸ் சென்டருக்குப் போய், வண்டி எண்ணைச் சொல்லிக் கேளுங்கள். எண் ஏறிக்கொண்டே வர வேண்டும். ஓர் இடத்தில் இறங்கினாலும் பேரம் பேசாமல் திரும்பிவிடுங்கள். வாரண்டி முடிந்ததும் பலர் வெளி மெக்கானிக்கிடம் போவார்கள், அது தப்பில்லை. அந்த பில்களைக் கேளுங்கள்.

6. ஆர்.சி.யையும் ஃபாஸ்டேக்கையும் சேர்த்துப் படியுங்கள். எத்தனையாவது கை, முன்பு மஞ்சள் போர்டில் வாடகைக்கு ஓடியதா என்று விசாரியுங்கள். டாக்ஸியாக ஓடி ஓன் போர்டுக்கு மாறிய வண்டி ஒரே வருஷத்தில் வீட்டுக் காரின் பல வருஷ ஓட்டத்தை ஓடியிருக்கும். 2021 பிப்ரவரியிலிருந்து டோல்கேட்டில் ஃபாஸ்டேக் கட்டாயம். அந்தக் கணக்கு விவரத்தைக் காட்டச் சொன்னால், "ஊருக்குள்ளேதான் ஓடுச்சு" என்பது மெய்யா என்று தெரிந்துவிடும்.

7. ஸ்கேனர் போடுங்கள். சில மாடல்களில் மீட்டர் தவிர ஏபிஎஸ், கியர்பாக்ஸ் போன்றவற்றின் கம்ப்யூட்டர்களிலும் ஓட்டம் பதிவாகும். மீட்டரைத் திருத்துகிறவர் எல்லாவற்றையும் திருத்துவதில்லை. செலவைப் பார்க்காதீர்கள்.

8. முள் மீட்டர் உள்ள பழைய வண்டியா? எண்கள் ஒரே வரிசையில் நேராக நிற்கின்றனவா பாருங்கள். அவற்றில் பல ஐந்து இலக்க மீட்டர்கள். 99,999 தாண்டினால் மறுபடி பூஜ்யம். கேபிளைக் கழற்றிவிட்டு ஓட்டியிருந்தால் எண்ணே ஏறியிருக்காது.

9. குறைந்த ஓட்டத்துக்கு மயங்காதீர்கள். மாதக்கணக்கில் நின்ற வண்டியில் ரப்பர் குழாய்கள் காயும், டயர் வெடிப்பு விடும், பேட்டரி சாகும்.

ஒரு அடையாளத்தை மட்டும் வைத்து விற்பவரைத் திருடன் என்று சொல்லிவிடாதீர்கள். சீட்டு தேய்ந்ததற்கும் டயர் மாறியதற்கும் நியாயமான காரணம் இருக்கலாம். மூன்று அடையாளங்கள் மீட்டருக்கு எதிராக நின்றால் விலகிவிடுங்கள். ரெக்கார்டோடு 1,20,000 ஓடிய வண்டி, ரெக்கார்டு இல்லாமல் 42,000 காட்டும் வண்டியைவிட நல்லது.