ஐம்பதில் வந்ததா, ஐம்பதில் தெரிந்ததா?

ஸ்காட்லாந்துப் பாடகி சூசன் பாயில், இங்கிலாந்தின் இயற்கையியல் தொலைக்காட்சித் தொகுப்பாளர் கிறிஸ் பேக்கம் இருவரும் 1961இல் பிறந்தவர்கள். தமக்கு ஆட்டிசம் இருப்பது பேக்கமுக்கு நாற்பதைத் தாண்டித் தெரிந்தது, பாயிலுக்கோ ஐம்பதைத் தாண்டி. நடுவயதில் ஒருவர் “எனக்கு ஆட்டிசம்” என்றால் சுற்றியிருப்பவர்களுக்கு எழும் சந்தேகங்களில் பாதிக்கு இந்த இருவர் கதையிலேயே பதில் இருக்கிறது.

நம்பிக்கை: ஆட்டிசம் குழந்தைகளுக்கு வருவது. பெரியவர்கள் சொல்லிக்கொள்வது இந்தக் காலத்து ஃபேஷன்.

உண்மை: நடுவயதில் அது புதிதாக முளைப்பதில்லை. சிறுவயதிலேயே அறிகுறிகள் இருந்திருந்தால்தான் மருத்துவர்கள் அந்தப் பெயரைச் சூட்டுவார்கள். காலம் தாழ்ந்தது மருத்துவத்தின் பக்கம்தான். அமெரிக்காவில் லியோ கேனர் 1943இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை 11 குழந்தைகளைப் பற்றியது. அதில் முதலாமவராக இடம்பெற்ற டொனால்ட் டிரிப்ளெட் வளர்ந்து, வங்கியில் வேலை பார்த்து, கார் ஓட்டி, கோல்ஃப் விளையாடி, நாடு நாடாகச் சுற்றிவிட்டு 2023இல் 89 வயதில் மறைந்தார். ஆனாலும் இந்தக் குழந்தைகள் ஒருநாள் பெரியவர்களாவார்கள் என்ற எளிய விஷயம் ஆய்வாளர்கள் பலருக்கு வெகுகாலம் உறைக்கவில்லை.

சரளமாகப் பேசுபவர்களுக்கும் படிப்பில் பின்தங்காதவர்களுக்கும் ஆட்டிசம் இருக்கலாம் என்பதை லண்டன் மருத்துவர் லோர்னா விங் 1981இல் எழுதிய கட்டுரைதான் ஆங்கில உலகின் கவனத்துக்குக் கொண்டுவந்தது. அப்போது பாயிலுக்கும் பேக்கமுக்கும் கிட்டத்தட்ட இருபது வயது. விங் முன்வைத்த ‘ஆஸ்பெர்கர்’ என்ற பிரிவு அமெரிக்க மனநலக் கையேட்டில் ஏறியது 1994இல். இருவரும் பள்ளியில் இருந்த ஆண்டுகளில் அவர்களுக்குச் சொல்ல எந்த மருத்துவரிடமும் அந்தப் பெயர் இல்லை. பாயிலுக்கு வேறொரு பெயர் கிடைத்தது: பிறக்கும்போது ஆக்சிஜன் குறைந்ததால் மூளை பாதிக்கப்பட்ட குழந்தை.

நம்பிக்கை: மேடை ஏறுபவருக்கும் கண்ணைப் பார்த்துப் பேசுபவருக்கும் ஆட்டிசம் இருக்காது.

உண்மை: பேக்கம் 1986 முதல் தொலைக்காட்சியில் பேசிவருபவர். ஆட்டிசம் உள்ள பலர் மற்றவர்களைக் கவனித்து, எப்போது சிரிப்பது, எத்தனை நொடி கண்ணைப் பார்ப்பது, எதை நலம் விசாரிப்பது என்று பாடம்போல் கற்றுக்கொள்கிறார்கள். ஆய்வாளர்கள் இதை ‘மாஸ்கிங்’ என்கிறார்கள். பார்ப்பவர்களுக்கு இயல்பாகத் தெரியும். செய்பவருக்கோ ஒரு விருந்துக்குப் போய்வந்தால் மறுநாள் முழுவதும் படுத்துக்கிடக்கும் அளவுக்கு அசதி. பெண்கள் பலர் கண்ணில் படாமல் போனதற்கு இது ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது. ஒரு பெண்ணுக்கு நான்கு ஆண்கள் என்று பாடப்புத்தகங்கள் நெடுங்காலம் சொல்லிவந்த விகிதம், 2017இல் பல ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தபோது மூன்றுக்கு நெருக்கமாக இறங்கியது. “பார்த்தால் தெரியவில்லையே” என்று பாராட்டுபோல் சொல்பவர்கள், அப்படித் தெரியாமலிருக்க அவர் என்ன பாடுபட்டார் என்பதையும் கேட்கலாம்.

நம்பிக்கை: அவர்கள் எல்லாரும் கணக்கில் மேதைகள்.

உண்மை: இது 1988இல் வந்த ‘ரெயின் மேன்’ படத்தின் கொடை. அந்தப் பாத்திரத்துக்குத் தூண்டுதலாக இருந்த கிம் பீக் அபார நினைவாற்றல் கொண்டவர். அவருக்கு ஆட்டிசம் இல்லை என்பதே பிற்கால மருத்துவர்களின் கருத்து. அத்தகைய அபூர்வத் திறமை ஆட்டிசம் உள்ளவர்களில் சிறுபான்மையினருக்கே உண்டு.

நம்பிக்கை: பிறர் மனம் அவர்களுக்குப் புரியாது.

உண்மை: புரியாமை இருபக்கமும் இருக்கிறது என்றார், தாமும் ஆட்டிசம் உள்ளவரான பிரிட்டிஷ் சமூகவியலாளர் டேமியன் மில்டன், 2012இல். எடின்பரோவில் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். எட்டுப் பேர் கொண்ட வரிசையில் ஒரு கதையை ஒருவர் மாற்றி ஒருவருக்குச் சொல்ல வேண்டும். ஆட்டிசம் உள்ளவர்கள் மட்டுமே இருந்த வரிசைகள் மற்றவர்களுக்குச் சளைக்காமல் கதையைக் கடத்தின. இரு தரப்பும் கலந்த வரிசைகளில்தான் விவரங்கள் அதிகம் உதிர்ந்தன. இது 2020இல் வெளியான முடிவு. பிறகு இன்னும் பலரை வைத்து நடந்த சோதனையில் கலப்பு வரிசைகளிலும் அந்தச் சரிவு தென்படவில்லை. ஆட்டிசம் உள்ளவர்களுக்குச் செய்தியைப் பகிரத் தெரியாது என்று இரண்டுமே சொல்லவில்லை.

நம்பிக்கை: இத்தனை வயதுக்குமேல் பெயர் தெரிந்து என்ன ஆகப்போகிறது?

உண்மை: பாயில் 2013இல் அளித்த பேட்டியில், மூளை பாதிப்பு என்ற பழைய முத்திரை தவறு என்று அறிந்ததே நிம்மதி என்றார். கேம்பிரிட்ஜ் சிகிச்சையகம் ஒன்றில் ஆஸ்பெர்கர் என்று புதிதாக அறியப்பட்ட 374 பெரியவர்களிடம் கேட்டபோது, 66 சதவீதம் பேர் வாழ்க்கையில் எப்போதாவது தற்கொலையை நினைத்திருந்தார்கள். 2014இல் வெளியான இந்த எண், காரணம் தெரியாமல் தன்னையே குற்றம்சாட்டிக்கொண்ட ஆண்டுகளின் கனத்தையும் சேர்த்துத்தான் வாசிக்கப்பட வேண்டும். பெயர் கிடைத்த மறுநாளே அமைதி வந்துவிடாது. பலருக்கு நிம்மதியோடு, முன்பே தெரிந்திருந்தால் பள்ளி, வேலை, திருமணம் எப்படி இருந்திருக்கும் என்ற துக்கமும் கோபமும் சேர்ந்தே வருகின்றன. பேக்கம் 2017இல் பிபிசி ஆவணப்படத்தில் தம் தனிமையையும் மனச்சோர்வையும் மறைக்காமல் பேசினார்; ஆட்டிசத்துக்கு மருந்து இருந்தால்கூடத் தமக்கு வேண்டாம் என்ற முடிவுக்கும் வந்தார். அன்றாட உதவியின்றி வாழ முடியாதவர்களின் குடும்பங்கள் எல்லாம் இதை ஒப்புக்கொள்ளும் என்று சொல்ல முடியாது. ஒப்புக்கொள்ள வேண்டிய கட்டாயமும் இல்லை.

நம்பிக்கை: இணையத்தில் ஐம்பது கேள்விக்குப் பதில் சொன்னால் தெரிந்துவிடும்.

உண்மை: கேம்பிரிட்ஜில் 2001இல் உருவான அந்த ஐம்பது கேள்விப் பட்டியல், மருத்துவரைப் பார்க்கலாமா என்று யோசிக்க உதவும், அத்தோடு சரி. பெரியவர்களுக்கான பிரிட்டிஷ் வழிகாட்டுதல், குழந்தைப் பருவத்தை அறிந்த உறவினரையும் பழைய பள்ளி அறிக்கைகளையும் முடிந்தவரை பார்க்கச் சொல்கிறது. அறுபது வயதுக்காரர் பலருக்குத் தாயும் இல்லை, அறிக்கையும் இல்லை. அப்போது மருத்துவர் அண்ணனையோ அக்காவையோ அழைத்து, அவர் சிறுவயதில் எப்படி விளையாடினார், எந்தச் சத்தத்துக்குக் காதைப் பொத்தினார் என்று கேட்கத் தொடங்குவார்.