ஆயில் எஞ்சின் கிளம்பவில்லையா? ஹெட்டைக் கழற்றுமுன் கவனியுங்கள்

தாயில்பட்டி, வெம்பக்கோட்டை வட்டாரக் கரிசல் நிலங்களில் பருத்தி பூவும் பிஞ்சுமாக நிற்கும்போது மழை பொய்த்தால், கிணற்றில் உள்ள தண்ணீரைக் கொண்டு ஓர் உயிர்த் தண்ணீராவது கொடுத்தாக வேண்டும். மின் இணைப்புக்குக் காத்திருக்கும் சிறு விவசாயிகளுக்கு அப்போது பழைய 5 குதிரைச் சக்தி ஆயில் எஞ்சினே துணை. அது கிளம்பாவிட்டால் ‘ரிங் போய்விட்டது’ என்று முடிவு கட்டி, உடனே ஹெட்டைக் கழற்றிவிடுவோர் உண்டு. பணமும் போகும், தண்ணீர் பாய்ச்ச வேண்டிய நாளும் தவறும். பெரும்பாலும் கோளாறு டீசல் வரும் வழியில்தான் இருக்கும்.

1897-ல் ஜெர்மனியில் ருடால்ஃப் டீசல் ஓட்டிக் காட்டிய எஞ்சினிலும் சரி, இன்று கிணற்றடியில் நிற்கும் எஞ்சினிலும் சரி, தீப்பொறி கொடுக்கும் பிளக் கிடையாது. சிலிண்டருக்குள் காற்று இறுக அமுங்கிச் சூடேறும். அந்தச் சூட்டில் டீசல் பனிபோலத் தெளிக்கப்பட்டுத் தானே பற்றிக்கொள்ளும். ஆகவே டீசல், காற்று, அமுக்கம் ஆகிய மூன்றையும் இதே வரிசையில் பார்த்து வந்தால் போதும். பழைய டீசல் ஜீப், கார் வைத்திருப்போருக்கும் இதே கணக்குத்தான்.

முதலில் டீசல். டாங்க் ஒருமுறை காலியாகி மறுபடி நிரப்பப்பட்டிருந்தால் குழாய்க்குள் காற்று புகுந்து அடைத்துக் கொள்ளும். ஃபில்டரின் மேலுள்ள திருகைச் சிறிது தளர்த்தினால் நுரையோடு டீசல் வரும். குமிழி நின்று சீராக ஒழுகியதும் இறுக்கிவிட்டு, எரிபொருள் பம்பின் திருகிலும் அவ்வாறே செய்ய வேண்டும். அடுத்து நாசிலுக்குப் போகும் குழாயின் நட்டைத் தளர்த்தி, டிகம்ப்ரஷன் லீவரைத் தூக்கி வைத்துக் கைப்பிடியைச் சுற்ற வேண்டும். டீசல் வந்ததும் நட்டை இறுக்கி, மறுபடி சுற்றினால் நாசிலில் ‘கிர், கிர்’ என்ற ஓசை கேட்கும். கேட்டால் டீசல் வழி சரி. கேட்காவிட்டால் ஃபில்டர் அடைப்பு, நாசில் கோளாறு, பம்பு தேய்மானம் என்று தேட வேண்டும். மண்ணெண்ணெய் கலந்த டீசல் பம்பையும் நாசிலையும் விரைவில் தேய்த்துவிடும். நாசிலைக் கழற்றிச் சோதிப்பதை மெக்கானிக்கிடம் விட்டுவிடுவது நல்லது. அதன் முனையிலிருந்து பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடக் கூடியது. விரலை வைத்துப் பார்க்கவே கூடாது.

எஞ்சின் ஓடுகிறது, ஆனால் இழுவை இல்லை என்றால் புகையைப் பாருங்கள். கறும்புகை வந்தால் டீசலுக்கு ஏற்ற காற்று இல்லை அல்லது சுமை அதிகம். ஏர் கிளீனரில் சேறு கட்டியிருக்கலாம், நாசில் தெளிக்காமல் சொட்டலாம். நீலப்புகை வந்தால் எஞ்சின் எண்ணெய் எரிகிறது. எண்ணெயை அளவுக்கு மேல் ஊற்றியிருந்தாலும் இப்படி வரும் என்பதால், ரிங்கைச் சந்தேகிக்குமுன் அளவுக்குச்சியைப் பார்ப்பது புத்திசாலித்தனம். குளிர்ந்த எஞ்சினில் சற்று நேரம் வெண்புகை வருவது இயல்பு. சூடான பின்னும் நிற்காவிட்டால் டீசலில் தண்ணீர் இருக்கலாம், அமுக்கம் குறைந்திருக்கலாம், அல்லது கேஸ்கட் வழியே குளிர்விக்கும் தண்ணீர் கசியலாம்.

அமுக்கத்தைச் சோதிப்பது எளிது. டீசலை நிறுத்தி, கைப்பிடியை எடுத்துவிட்டு, லீவரைத் தூக்காமல் ஃப்ளைவீலைக் கையால் சுற்ற வேண்டும். ஓரிடத்தில் முட்டித் திருப்பியடித்தால் அமுக்கம் நன்று. தடையில்லாமல் சுற்றினால் காற்று எங்கோ கசிகிறது. காற்று புகும் வழியில் இரண்டு தேக்கரண்டி எஞ்சின் எண்ணெய் விட்டு, சில சுற்றுச் சுற்றிப் பார்க்கலாம். அமுக்கம் கூடினால் ரிங், லைனர் தேய்மானம். கூடாவிட்டால் வால்வையோ கேஸ்கட்டையோ பார்க்க வேண்டும். ஹெட்டைக் கழற்றும் கட்டம் இதுதான்.

ரிங்கும் லைனரும் சீக்கிரம் தேய்வதற்குக் கரிசல் புழுதி பெரும் காரணம். எண்ணெய்த் தொட்டியுள்ள ஏர் கிளீனரில் சேறு தெரிந்ததும் கழுவிப் புது எண்ணெய் ஊற்ற வேண்டும். காற்றடி காலத்தில் இதை அடிக்கடி பார்ப்பது அவசியம்.

எஞ்சினைக் கிணற்றுக்குள் இறக்கும் வழக்கம் மட்டும் அறவே கூடாது. சாதாரணப் பம்பு நடைமுறையில் 6, 7 மீட்டர் ஆழத்திலிருந்துதான் நீரை உறிஞ்சும். அதனால் நீர்மட்டம் இறங்கியதும் எஞ்சினையும் பம்போடு கிணற்றுத் திட்டுக்கு இறக்குவோர் உள்ளனர். புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடு நச்சுவாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. கறும்புகை விடும் எஞ்சினில் அது இன்னும் கூடுதலாக இருக்கும். பம்பை மட்டும் இறக்கி, எஞ்சினை மேலே வைத்து நீண்ட பெல்ட்டில் ஓட்டலாம். ஆழம் மிகுந்தால் கம்ப்ரஸர் பம்பு அமைக்கலாம். பட்டாசுத் தொழிலுக்குச் சென்று வருவோர் மருந்து படிந்த உடையோடு சூடான புகைக்குழாய் அருகே போகக் கூடாது.

கிணற்றுக்குள் ஒருவர் மயங்கிக் கிடந்தால், காப்பாற்றுவதாக எண்ணி அடுத்தவர் இறங்கக் கூடாது. அவரும் விழுவார். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தால் மேலிருந்தே டீசலை நிறுத்த வழி உண்டா என்று பார்த்து, தீயணைப்பு நிலையத்துக்கு 101, ஆம்புலன்ஸுக்கு 108 எண்களில் உடனே தகவல் சொல்ல வேண்டும்.