ஐயமும் சான்றும்

இணையவழிச் சுடுதல் விளையாட்டில் புகழ்பெற்ற ஒருவர், சுவருக்கு அப்பால் மறைந்திருப்பவரையும் குறி தவறாமல் வீழ்த்துகிறார். பார்ப்போர் சிலர், "இது கள்ள ஆட்டம்" என்பர். ஆனால், அவர் காலடி ஓசையைக் கேட்டு இடத்தைக் கணித்திருக்கலாம். நெடுநாள் பயிற்சியும் கைகொடுத்திருக்கலாம். ஐயம் வேறு, சான்று வேறு.

2018 அக்டோபரில் சீனாவின் ஷாங்காய் நகரில் 'கவுண்டர்-ஸ்டிரைக்' போட்டி நடைபெற்றது. அதில் 'ஆப்டிக் இந்தியா' என்னும் ஐவர் அணி பங்கேற்றது. ஆட்டத்தின் நடுவே, 'ஃபர்சேக்கன்' என்னும் புனைபெயர் கொண்ட வீரர்மீது ஐயம் எழுந்தது. போட்டி அலுவலர்கள் வெறும் ஐயத்தோடு நிற்கவில்லை. அவரது கணினியைச் சோதித்தனர். குறிபார்க்க உதவும் கள்ள மென்பொருள், 'வேர்டு' என்னும் பெயரில் அதில் ஒளிந்திருந்தது. அணி போட்டியிலிருந்து நீக்கப்பட்டது, பின்னர்க் கலைக்கவும்பட்டது. அவ்வீரருக்கு ஐந்தாண்டுத் தடை விதிக்கப்பட்டது. உடன் ஆடிய நால்வரும் தம் வாய்ப்பை இழந்தனர்.

சான்றின்றிப் பழி கூறுதல் நேர்மையாளரை வருத்தும். சான்று கிடைத்தபின் வாளாவிருத்தல் விளையாட்டையே அழிக்கும்.

சொற்பொருள்
ஐயம் – சந்தேகம்
சான்று – ஆதாரம்
வாளாவிருத்தல் – பேசாமல் இருத்தல்

வினாக்கள்
1. கள்ள மென்பொருள் எப்பெயரில் ஒளிந்திருந்தது?
2. ஒருவர் செய்த தவற்றால் யார் யார் இழப்புற்றனர்?
3. உம் நண்பர்மீது பிறர் ஐயுற்றால் நீவிர் என் செய்வீர்? ஐந்து வரிகளில் எழுதுக.