கிணற்றுப் பதிவுக்கருவி: எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை?

யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கற் பகுதியில் நன்னீர் உவர்நீரின் மேல் மிதக்கிறது. அளவுமீறி இறைத்தால் கீழிருக்கும் உவர் மேலேறும்; குடிக்கும் கிணறு கெட்டுவிடும். நீர்மட்டத்தையும் உப்பையும் அளக்கும் கருவியைப் பொதுக்கிணற்றில் இறக்கும்போது, பதிவு இடைவெளியை இதை நினைத்தே தெரிவுசெய்யுங்கள். நாளுக்கு ஒருமுறை என்று வைத்தால், காலையில் ஒரு மணிநேரம் இயந்திரம் ஓடி உப்புக் கூடியது தெரியாமலே போகலாம். 15 நிமிடம் நல்லது: நாளுக்கு 96 பதிவுகள், 30 நாளில் 2880. ஒரு நிமிடம் வைத்தால் 43,200. நினைவகமும் பற்றரியும்தான் வீண். நினைவகம் நிரம்பினால் பழையதை அழிக்கும் தெரிவு வேண்டாம். கோடையோடு ஒப்பிட மாரிப் பதிவு தேவை. கருவியின் கடிகாரத்தை இலங்கை நேரத்துக்கு வைத்து, இயந்திரம் ஓடும் நேரத்தை ஒரு கொப்பியில் எழுதுங்கள்.