தூரத்திலிருந்து துணை நிற்றல்

சௌபாக்கியவதி மருமகளுக்கு மாமா அநேக ஆசீர்வாதத்துடன் எழுதுவது. மாப்பிள்ளை ஆஸ்பத்திரியிலிருந்து துபாய் அறைக்குத் திரும்பிவிட்டார் என்று அறிந்து ஆறுதலடைந்தேன்.

இராத்திரி இன்சுலின் போட்டுக்கொண்டு, வேலை அலுப்பில் அரைகுறையாகச் சாப்பிட்டுப் படுத்தவர், விடியுமுன் பனியன் பிழியும்படி வேர்த்து, பெயர் சொல்லி உலுக்கியும் பதில் சொல்லத் தெரியாமல் கிடந்ததை அறைத்தோழர் பாராதிருந்தால் என்னவாகியிருக்கும் என்று நீ நினைந்து நினைந்து நடுங்குவது இயல்பே. ஆயினும் அந்தப் பயம், மணிக்கொரு தரம் போன் செய்து, ‘சாப்பிட்டீர்களா, சுகர் எவ்வளவு?’ என்று விசாரிக்கும் அதிகாரியாக உன்னை ஆக்கிவிடலாகாது. பிறர் முன்னிலையில் நினைவு தடுமாறிக் கிடந்தோமே என்ற லஜ்ஜை அவரை ஏற்கெனவே வாட்டிக்கொண்டிருக்கும். குறுக்கு விசாரணையும் சேர்ந்தால், உள்ள அளவை மறைத்து, உன் மனம் குளிரும் ஓர் எண்ணைச் சொல்லிவிட்டுப் போனை வைத்துவிடுவார். ஆகையால் நமக்கு இரவு பத்தரை, அங்கே ஒன்பது, அவர் சாப்பிட்டு முடிக்கும் வேளையில் ஒரு முறை ஆற அமரப் பேசு, அது போதும்.

உன் கவலையைக் காரியமாக்க வேண்டிய இடம் அந்த அறைத்தோழர். மாப்பிள்ளையின் சர்க்கரை அளவு 70-க்குக் கீழ் இறங்கினால், விழுங்கும் தெளிவு இருக்கும்போதே, 15 கிராம் குளுக்கோஸையோ மூன்று டீஸ்பூன் சர்க்கரையையோ தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, கால் மணி கழித்து மீண்டும் பரிசோதித்து, ஏறாவிட்டால் மறுபடியும் கொடுத்து, ஏறிய பின் ஆகாரம் கொடுக்க வேண்டும் என்பதை அவருக்குப் பொறுமையாகச் சொல். சாக்லேட் உதவாது; அதிலுள்ள கொழுப்பு சர்க்கரை இரத்தத்தில் சேர்வதைத் தாமதப்படுத்தும். நினைவு தப்பிவிட்டால் வாயில் ஒரு துளியும் ஊற்றாமல், ஒருக்களித்துப் படுக்க வைத்து, 998-க்குப் போன் செய்து ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும். மாப்பிள்ளையின் தலையணைக்கடியில் ஒரு குளுக்கோஸ் பொட்டலமும் சட்டைப் பையில் ஒன்றும் எப்போதும் இருக்கட்டும்.

இன்னொன்றும் அறிந்துகொள். சர்க்கரை அடிக்கடி தாழ்ந்தால், கை நடுக்கம், வேர்வை, படபடப்பு முதலிய முன்னறிவிப்புகள் மங்கிப்போய், அடுத்த ஆபத்து அரவமின்றி வந்துவிடும். சில வாரங்கள் தாழாமல் காத்துக்கொண்டால் அவ்வுணர்ச்சி பெரும்பாலும் திரும்பும். ஆகவே, இன்சுலின் அளவை மாற்ற வேண்டுமா, சிறுநீரகம் சீராக உள்ளதா, அவசரத்துக்குக் குளுக்ககான் ஊசி கைவசம் வேண்டுமா, தாழும்போது உன் போனுக்கும் தகவல் தரும் சென்சார் அவருக்குப் பொருந்துமா என்று மாப்பிள்ளையே டாக்டரைக் கேட்டறியட்டும். பயந்துபோய்த் தாமாகவே இன்சுலினை நிறுத்துவதும், எந்நேரமும் இனிப்பைத் தின்று அளவை உயர்த்திவைப்பதும் வேறொரு கேட்டைத் தேடிக்கொள்வதாகும்.

என்றைக்கேனும் காரணமில்லாமல் அவர் எரிந்து விழுந்தால், பதிலுக்குப் பதில் பேசாதே. மூளைக்குக் குளுக்கோஸ் குறையும்போது சாந்த குணமுள்ளவரும் அப்படிப் பேசுவதுண்டு. முதலில் சுகரைப் பார்க்கச் சொல்; தாழ்ந்திருந்தால் சர்க்கரைத் தண்ணீர் குடித்து அளவு ஏறும்வரை போனை வைக்காதே. ஊடலும் வழக்கும் மறுநாளைக்கு ஆகட்டும்.

இவ்வளவையும் ஒரே நாளில் அவரிடம் கொட்டிவிடாதே, அம்மா. முதற்காரியமாக, இன்றைக்கே அறைத்தோழருக்குப் போன் செய்து, நன்றி சொல்லி, அவருடைய எண்ணையும் அந்தக் கட்டடத்தின் முழு விலாசத்தையும் எழுதி வாங்கிக்கொள்.

இப்படிக்கு,
மாமா